கூடாரமும் அமைதியும்

அமைதியை விரும்பாதார் இலர். ஆயினும் ஓரிடத்தின் அமைதி எதனால் உண்டாகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. சந்தை கூடாத நாளிற் சந்தைத்திடல் அமைதியாக இருக்கிறது. பாடசாலை விடுமுறையில் வகுப்பறை அமைதியாக இருக்கிறது. ஊரடங்குச் சட்டம் நிலவும் இரவிற் பெருந்தெரு அமைதியாக இருக்கிறது. குழந்தை உறங்கும் வீடும் அமைதியாகவே இருக்கிறது. செவிக்கு இவை யாவும் ஒன்றுபோலத் தோன்றினும், மனத்துக்கு ஒன்றல்ல. முதலிரண்டும் ஆள் இல்லாமையால் வந்தவை. மூன்றாவது அச்சத்தால் வந்தது. இறுதியிற் கூறியதோ, விழித்திருப்போர் அடியை மெல்ல எடுத்து வைப்பதால் ஆக்கப்படுவது. இந்த வேறுபாடு தத்துவ விசாரணைக்கு மட்டும் உரியதன்று. இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில் ஓரிரவைக் காட்டிற் கழிப்பதற்கு அமைதியானதொரு பூங்காவைத் தெரிவு செய்யும் சிறிய காரியத்திலும் அது வந்து குறுக்கிடக் கூடும்.

கனடாவில், ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலே வாழும் ஒரு தாய்க்கும் மகனுக்கும் அவ்வாறுதான் நேர்ந்தது. தாய் வலிகாமம் வடக்கிற் பிறந்தவர். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். புலம்பெயர்ந்தபின் தொழிற்சாலையொன்றிற் பொதி கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் 1992 ஆம் ஆண்டு, குடும்பம் இடம்பெயர்ந்திருந்த காலத்திற் பிறந்தவன். இப்பொழுது பண்டகசாலையொன்றில் முறைவேலை செய்பவன். அவர்கள் வாழும் மாடிக் குடியிருப்பின் பின்புறமாக 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை செல்கிறது. வட அமெரிக்காவிலே மிகுந்த வாகன நெரிசலுடைய சாலைகளுள் ஒன்றாகிய அதன் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. யன்னலைச் சாத்தினாலும் அது சுவரினூடாக வருவதுபோல இருக்கும். கோடை முடிவில் ஒருநாட் காலை, தேநீரை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, ஒரு இரவாவது இந்தச் சத்தம் இல்லாத இடத்தில படுக்கவேணும்” என்றார் தாய். நண்பர்களுடன் சில தடவைகள் காட்டுக்குச் சென்று கூடாரமடித்துத் தங்கிய பழக்கம் மகனுக்கு உண்டு. செப்டெம்பரில் அவ்வாறு போகலாம் என்றான் அவன்.

“கூடாரமோ?” என்று மட்டும் கேட்டார் தாய்.

அந்த ஒற்றைச் சொல்லின் பாரத்தை அவன் அறியாதவனல்லன். பொழுதுபோக்குக்காகக் காட்டிலே தங்குவதைக் குறிக்க நம் மொழியில் நல்லதொரு சொல் இல்லை. ‘முகாம்’ என்றால் ஈழத்தவருக்கு இராணுவ முகாம் நினைவுக்கு வரும். அன்றேல் அகதி முகாம் நினைவுக்கு வரும். பழந்தமிழிற் ‘பாசறை’ என்றொரு சொல் உண்டு. அதுவும் போர்க்களத்தைச் சேர்ந்ததே. நெடுநல்வாடையிலே கூதிர்காலத்து நள்ளிரவில், வாடைக் காற்று வீசிக்கொண்டிருக்க, அரசன் பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைப் பார்த்துச் செல்கின்றான். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிராகும். மேனாட்டு இலையுதிர்காலத்தின் பிற்பகுதியோடு அது காலத்தால் ஒருவாறு பொருந்தி வருவது. ஆக, குளிர் தொடங்கும் காலத்திற் கூடாரத்திலே தங்குவதென்பது நம் இலக்கிய மரபிற் போருக்குப் போனவர் செயல். நம் அண்மைக்கால வரலாற்றில் போரினால் துரத்தப்பட்டவர் செயல். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய மக்களுள் இத்தாயும் ஒருவர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது மூன்று வயது மகனை இடுப்பிற் சுமந்து சென்றவரும் அவரே. கூடாரத் துணியின் கீழே மழை இரவுகளைக் கழித்த ஒருவரிடம், பணங் கொடுத்துக் கூடாரத்திற் படுப்போம் வாருங்கள் என்று கூறுவது எளிதன்று.

எனினும் தாய் மறுக்கவில்லை. “எங்க எண்டு முதல் பாப்பம்” என்றார். அன்று முதல் பத்து நாட்கள், வேலை முடிந்து வந்த மாலைகளில், வரைபடத்தை மேசையில் விரித்து இருவரும் பூங்காக்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினர்.

முதலில் மகன் காட்டியது அல்கோன்குயின் மாகாணப் பூங்கா. ஒன்ராறியோவின் மிகப் பழைய மாகாணப் பூங்கா அது. 1893 இல் நிறுவப்பட்டது. பரப்பளவு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற பல நிலப்பரப்புக்களை அதனுள் அடக்கலாம். ஏரிகளோ ஆயிரத்துக்கும் அதிகம். ஓவியர் ரொம் தொம்சன் அங்குள்ள நீர்நிலைகளையும் பைன் மரங்களையும் வரைந்து புகழ் பெற்றவர். 1917 யூலையில் அப்பூங்காவின் கனூ ஏரியிலேயே அவர் உயிர் நீங்கியது. அவருடைய நண்பர்கள் 1920 இல் ‘எழுவர் குழு’ என்னும் பெயரில் ஒன்றுகூடிக் கனடாவின் வடநிலக் காட்சிகளை அந்நாட்டின் கலைச் சின்னமாகவே ஆக்கினர். இத்தகைய சிறப்புடைய இடம் அமைதியாகத்தானே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், சிறப்பே அமைதிக்குப் பகையாகிவிடுவதுண்டு. பூங்காவின் தெற்குப் பகுதியை ஊடறுத்து 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் தூரம் செல்கிறது. வாகனத்திற் சென்று தங்குவதற்குரிய கூடாரத் திடல்களுட் பெரும்பாலானவை அச்சாலையை ஒட்டியே அமைந்துள்ளன. மேப்பிள் இலைகள் சிவக்கும் நாட்களிலே ரொறன்ரோவிலிருந்து வரும் வாகனங்கள் அச்சாலையில் வரிசையாக நிற்கும். பூங்காவின் உட்பகுதிக்குச் சென்றால் தனிமை உண்டு; ஆனால், அதற்குத் துடுப்பு வலித்தும், வள்ளத்தைத் தோளிற் சுமந்து ஏரிவிட்டு ஏரிக்கு நடந்தும் செல்லவேண்டும். முழங்கால் நோவுள்ள ஒரு தாய்க்கு அது இயலாது.

இங்கே இலைகளின் நிறம்பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். பூங்காவைத் தெரிவது பாதி. நாளைத் தெரிவது மறுபாதி. பகற்பொழுது குறுகக் குறுக, மேப்பிள் முதலான மரங்கள் இலைக்கு உணவுப் பாதையாக இருக்கும் காம்பின் அடியிலே தக்கை போன்றதொரு படையை வளர்க்கத் தொடங்குகின்றன. இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்தால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சீனி மேப்பிள், செம்மேப்பிள் போன்றவற்றில் இலையிலே தங்கிய சர்க்கரையிலிருந்து செந்நிறப் பொருளொன்று புதிதாகவே உண்டாகிறது. வெயிலுள்ள பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்து வருமாயின் அச்சிவப்பு மிகப் பொலிவு பெறும். அல்கோன்குயின் பகுதியிலே இது பெரும்பாலும் செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் முதற் கிழமையிலும் உச்சத்தை அடைகிறது. ஒக்டோபர் மாதத்து இரண்டாந் திங்கள் கனடாவின் நன்றியறிதல் நாள். அந்த நீண்ட வார இறுதியோடு சனக்கூட்டமும் உச்சத்தை அடைகிறது. செப்டெம்பர் மாதத்து முதற் திங்கள் தொழிலாளர் தினம். அது கழிந்த மறுநாள் பாடசாலைகள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே, தொழிலாளர் தினத்துக்கும் இலைகள் முற்றாகச் சிவப்பதற்கும் இடையே இரண்டு மூன்று கிழமைகள் எவராலும் பெரிதும் வேண்டப்படாமற் கிடக்கின்றன. கோடையில் வந்தவர் போய்விட்டனர். நிறம் பார்க்க வருவோர் இன்னும் வரவில்லை. வசந்தத்தின் முடிவிற் கடித்து வருத்தும் கரிய இலையானும், கோடை நுளம்பும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஈரநிலத்து ஓரங்களிற் செம்மேப்பிள் மட்டும் அங்கொன்று இங்கொன்றாகச் சிவக்கத் தொடங்கியிருக்கும். மகனுக்கு வேலைமுறைப்படி ஓய்வு கிடைப்பதோ செவ்வாயும் புதனும். காட்டின் முழு வண்ணத்தையும் காணவேண்டுமென்ற ஆசையைக் கைவிட்டாற் செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு செவ்வாய் இரவு கிடைக்கும். அமைதிக்கு முதல் விலை அதுவாயிற்று.

அடுத்து ஆராயப்பட்டது கிலார்னி. ஜோர்ஜியன் விரிகுடாவின் வடகரையிலே, வெண்ணிறப் படிகக்கல் மலைகளுக்கிடையே நீலமணி போன்ற ஏரிகளைக் கொண்டது. 1930 களில் அங்குள்ள ஏரியொன்றின் கரையிலுள்ள மரங்கள் வெட்டப்படவிருந்ததை அறிந்த ஓவியர் ஏ. வை. ஜக்சன், அதைக் காக்குமாறு அரசை வேண்டினார். அம்முயற்சி வெற்றி பெற்று, ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் பெயரே அவ்வேரிக்குச் சூட்டப்பட்டது. 1964 இற் பூங்கா உருவாயிற்று. நீரின் அடித்தளமே தெரியும் அந்த ஏரிகளின் நிழற்படங்களைக் கண்டு தாய் வியந்தார். ஆனால், அத்தெளிவுக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. சட்பரி நகரத்து உலோக உருக்காலைகளிலிருந்து பல்லாண்டுகளாக வெளியேறிய கந்தகப் புகை அமிலமழையாக அம்மலைகளில் இறங்கியது. அமிலத்தை எதிர்க்குஞ் சுண்ணாம்புச் சத்து அப்பாறைகளில் இல்லாமையால் ஏரிகள் பல நஞ்சேறின, மீன்கள் மறைந்தன, நீரிலே வாழும் நுண்ணுயிர்கள் அருகியமையால் நீர் கண்ணாடிபோலத் தெளிந்தது. பார்ப்போர் தூய்மை என்று போற்றிய அத்தெளிவு, உயிர் அகன்றதன் அடையாளமாகவும் இருந்தது. மரத்தைக் கோடரியிலிருந்து காத்த ஓவியராற் புகையிலிருந்து ஏரியைக் காக்க முடியவில்லை. உருக்காலைகளின் புகை பின்னர் பெருமளவு குறைக்கப்பட்டது. ஏரிகளும் மெல்ல மெல்ல மீண்டு வருகின்றன. மகன் இவற்றை வாசித்துச் சொல்லக் கேட்ட தாய், “அப்ப அதுவும் ஒரு செத்த அமைதிதான்” என்றார். நானூறு கிலோமீற்றர் தூரம் ஓரிரவுக்கு அதிகம் என்பதும் சேர்ந்து கிலார்னி கைவிடப்பட்டது.

‘செத்த அமைதி’ என்று தாய் கூறியது வெறும் பேச்சன்று. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகப் பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்தது. போர் 2009 இல் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. தம் காணி விடுபட்டதென்று கேள்விப்பட்டு, கால்நூற்றாண்டுக்குப் பின்னர் அதைப் பார்க்கச் சென்றார் அவர். கூரையில்லாத சுவர்களுக்குள்ளே பெருமரங்கள் நின்றன. கிணற்றுக்கட்டைக் கொடிகள் மூடியிருந்தன. ஒழுங்கை எது, வளவு எது என்று அறிய முடியவில்லை. மயில்கள் உலாவின. நண்பகலிற் காற்றின் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மேனாட்டார் ஒருவர் அறியாது அங்கு வந்து நின்றிருப்பாராயின், என்னே அமைதி, என்னே இயற்கை என்று வியந்திருப்பார். ஆயின், அந்த ஒழுங்கையிலே சைக்கிள் மணிகளும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் கூச்சலும், வாளி கிணற்றில் மோதும் ஓசையும், கோயில் மணியோசையும் இருந்தன என்பதை அறிந்தவர்க்கு அவ்வமைதி பொறுக்க முடியாத இரைச்சலாக இருந்தது. அரை மணி நேரத்தில் அவர் திரும்பிவிட்டார். கனடாவிலே வரைபடத்திற் பச்சை நிறமாகத் தீட்டப்பட்ட வெற்றிடம் ஒவ்வொன்றையும் பார்த்து, “இஞ்ச முந்தி ஆர் இருந்தவை?” என்று அவர் கேட்டதன் காரணம் இதுவே.

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த மகன், பூங்காவைத் தேடிய நேரத்திலும் அதிக நேரத்தை அதற்குச் செலவிட்டான். அல்கோன்குயின் என்பதே அந்நிலத்து முதற்குடிகளின் பெயர். அவர்களுடைய பெயரைப் பூங்காவுக்குச் சூட்டியவர்கள், நிலம்பற்றி அவர்களோடு ஒப்பந்தம் எதையும் செய்யவில்லை. பூங்காவின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய 36,000 சதுர கிலோமீற்றர் நிலம்பற்றிய உரிமைக் கோரிக்கையில், 2016 ஆம் ஆண்டிலேதான் கொள்கையளவிலான உடன்பாடொன்று கைச்சாத்தாயிற்று. தெற்கே, கவார்த்தா ஏரிகளை அண்டிய நிலத்தின் கதையும் வேறன்று. 1923 ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களினால் ஏழு முதற்குடிச் சமூகங்கள் தம் வேட்டை, மீன்பிடி உரிமைகளை இழந்தன. 2018 இலேதான் அவ்வுரிமைகள் மீள ஏற்கப்பட்டு, அரசுகளும் மன்னிப்புக் கோரின. அவ்வேழு சமூகங்களுள் ஒன்றான கேர்வ் லேக் மக்களின் பாதுகாப்பிலே, பீற்றர்பரோ நகருக்கு வடக்கே ஒரு பூங்கா உண்டு. வெண்சலவைப் பாறையிலே ஆமை, பாம்பு, பறவை, வள்ளம், மனிதர் என நூற்றுக்கணக்கான உருவங்களை அவர்களுடைய முன்னோர் செதுக்கி வைத்துள்ளனர். கற்பிக்கும் பாறைகள் என்பது அவர்கள் அதற்கு வழங்கும் பெயரின் பொருள். அங்கே பாறைகளை நிழற்படம் எடுத்தலாகாது; இரவிலே தங்குதலும் ஆகாது. தாய்க்கு இந்த விதிகள் மிகவும் பிடித்தன. “கோயில் எண்டால் அப்பிடித்தான் இருக்கவேணும்” என்றார். ஆனால், தங்க முடியாத இடத்தைத் தங்குவதற்குத் தெரிவு செய்வது எங்ஙனம்? எனினும் அந்தப் பூங்கா அவர்களுக்கு ஒரு வழியைக் காட்டிற்று. ஓரிடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதினும், அங்கே மனிதர் எதைச் செய்யாதிருக்க உடன்பட்டிருக்கின்றனர் என்பதைப் பார்ப்பதே அமைதியை அறியும் நேரிய முறை என்பது அது.

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது தெரிந்ததுதான் சைலன்ற் லேக் மாகாணப் பூங்கா. பெயரின் பொருள் ‘மௌன ஏரி’. பெயரைக் கண்டு மயங்குதல் தகாது. மனிதர் தம் விருப்பத்தையெல்லாம் இடப்பெயராக்குவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் இங்கே பெயருக்குத் துணையாக ஒரு விதி இருக்கிறது. அவ்வேரியிலே மோட்டார் வள்ளம் ஓட்டுதல் தடுக்கப்பட்டுள்ளது. ஒன்ராறியோவின் பல ஏரிகளிற் பகல் முழுவதும் விசைப்படகுகள் இரைந்துகொண்டிருக்க, இங்கே துடுப்பின் ஓசையே பெரிய ஓசை. பூங்கா 1977 இலே திறக்கப்பட்டது. ஸ்காபரோவிலிருந்து பீற்றர்பரோ வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர். மதிய உணவின்பின் புறப்பட்டாற் பொழுதிருக்கச் சென்று சேரலாம். அல்கோன்குயினோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது, பெரும்புகழும் இல்லை, ஓவிய வரலாற்றிலே பேசப்படும் மலைகளும் இல்லை. வாகனத்தைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுச் சிறிது தூரம் நடந்து சென்று கூடாரமடிக்குந் திடல்கள் அங்கு உண்டு. பொருட்களைக் கையிற் சுமக்க வேண்டியிருப்பதால் மின்பிறப்பாக்கியும் பெரிய ஒலிபெருக்கியும் அங்கே வருவது அரிது. ஐம்பது யார் தூரம் சுமத்தல் என்பது எத்துணை வலிய காவல் என்று மகன் வியந்தான். தாயின் முழங்காலுக்கும் அத்தூரம் இயலும்.

பொருட்களை ஆயத்தஞ் செய்கையில் ஒரு கேள்வி எஞ்சியது. அப்பூங்காவில் வட்டமான, நிலையான கூடாரவீடுகள் சிலவும் வாடகைக்கு உண்டு. கட்டிலும் வெப்பமூட்டியும் உள்ளவை. தாயின் நினைவுகளை எண்ணி மகன் அதையே ஒதுக்கலாம் என்றான். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “வேண்டாம். சும்மா கூடாரமே எடு. அப்ப அதுக்குள்ள கிடந்தது எங்கட விருப்பமில்லை. இப்ப கிடந்து பாப்பம்” என்றார். செப்டெம்பர் நடுப்பகுதி இரவில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கக் கூடும் என்பதால் கம்பளிப் போர்வைகள் சேர்க்கப்பட்டன. விறகு கொண்டு செல்லப்படவில்லை. சாம்பல் மரத்தை அழிக்கும் மரகதநிற வண்டு விறகோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் பரவுவதால், தங்குமிடத்துக்கு அண்மையிலேயே விறகு வாங்கவேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. 2002 இல் வட அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட அவ்வண்டு கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது. உணவை இரவிலே வாகனத்துக்குள் வைத்துப் பூட்டவேண்டும். குளிர்காலத் துயிலுக்கு முன் கொழுப்புச் சேர்க்கும் கருங்கரடி அக்காலத்திற் பெரும்பசியோடு திரியும். அங்கே குப்பையை இறைக்காதிருப்பதும் உணவைச் சிதறாதிருப்பதும் துப்புரவுக்காக மட்டுமல்ல. உணவுக்காக மனிதரை நாடிப் பழகிய கரடி பெரும்பாலும் சுடப்பட்டே முடிகிறது. காட்டின் விதிகளுட் பல, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உயிருக்காக நம் கையை நாம் அடக்கிக்கொள்ளும் விதிகளே.

அச்செவ்வாய்க்கிழமை அவர்கள் சென்றனர். திடலிலே முழுத் தனிமை இருக்கவில்லை. மரங்களுக்கப்பால் முதிய தம்பதியர் இருவர் தங்கியிருந்தனர். வேறொரு பக்கத்திற் சைக்கிளில் வந்த இளைஞர் இருவர் இருந்தனர். மகனுக்கு முதலில் அது ஏமாற்றமாக இருந்தது. ஒருவருமில்லாத இடமென்று எண்ணித் தாயை அழைத்து வந்தவன் அவன். பொழுது சாய்ந்ததும் இடியப்பமும் சம்பலும் உண்டு, தீயின் முன்னே இருவரும் அமர்ந்திருந்தனர். முதியவர்கள் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருந்தது சொற்கள் விளங்காமல் முணுமுணுப்பாகக் கேட்டது. இடைக்கிடை அவர்களுடைய கேத்திலின் மூடி ஒலித்தது. ஒன்பது மணியளவில் ஏரியின் நடுவிலிருந்து நெடியதொரு ஓலம் எழுந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி தொடங்கும் குரல்போல எழுந்து, வளைந்து, தணிந்தது. தாய் திடுக்குற்று மகனின் கையைப் பற்றினார். அது லூன் என்னும் நீர்ப்பறவையின் குரல் என்று கூறிய மகன், தன் சட்டைப்பையிலிருந்து ஒரு டொலர் நாணயத்தை எடுத்துத் தீயின் ஒளியிற் காட்டினான். 1987 முதல் அந்நாணயத்திலே பொறிக்கப்பட்டிருப்பது அப்பறவையே. அந்த நாணயத்தைப் பல்லாண்டுகளாகப் பேருந்துக்கும் சலவை இயந்திரத்துக்கும் எண்ணி எண்ணிக் கொடுத்தவர் தாய். “இது இப்பிடிக் கத்துமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். இரண்டாம் முறை அது கூவியபோது கையை விட்டுவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். அப்பாலிருந்த முதியவர்களும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இரவிற் கூடாரத்துக்குள்ளே மகன் விழித்திருந்தான். தாய் உறங்காமல் இருப்பாரோ, துணிக்கூரையைப் பார்த்துப் பழையவற்றை நினைப்பாரோ என்று அவன் அஞ்சினான். நெடுநேரம் தாயும் விழித்தே இருந்தார். பின்னர், முதியவர் ஒருவர் இருமும் ஓசை கேட்டது. அவர் கூடாரத்தின் இழுவைப்பூட்டை மற்றவரை எழுப்பாதவாறு மெல்ல மெல்லத் திறப்பதும் கேட்டது. “பக்கத்தில ஆக்கள் இருக்கினம்” என்றார் தாய். குறையாக அன்று, ஆறுதலாகவே அதைக் கூறினார். சிறிது நேரத்தில் அவருடைய மூச்சு சீராயிற்று. காலையில், நன்றாக உறங்கினீர்களா என்று மகன் வினவியபோது, நடுச்சாமத்தில் முதுகு குளிர்ந்தது என்று மட்டுமே கூறினார். அடுத்தமுறை தடித்த பாயொன்று கொண்டுவர வேண்டும் என்றுஞ் சேர்த்துச் சொன்னார்.

அமைதியான பூங்காவைத் தேடுவோர் பொதுவாகத் தூரத்தையும் தனிமையையும் அளவுகோலாகக் கொள்கின்றனர். எத்துணைத் தொலைவு போகிறோமோ அத்துணை அமைதி என்பது அவர் எண்ணம். தூரம் சிலவேளைகளில் உதவுவது மெய்யே. ஆனால், ஒருவருமில்லாமை வேறு, அமைதி வேறு. ஒருவருமில்லாமைக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவற்றுட் சில கேட்கத் தகாதவை. மக்கள் துரத்தப்பட்ட ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். மீன் மாண்ட ஏரியும் தெளிவாகத்தான் இருக்கும். மனிதர் உள்ள இடத்திலேயே, அவர்கள் ஒருவரை ஒருவர் எண்ணித் தம் ஓசையைத் தாமே குறைத்துக்கொள்வதாற் பிறக்கும் அமைதி அரிது. அது இயற்கை தந்ததன்று, மனிதர் கூடிச் செய்தது. படகின் விசையை நிறுத்துகின்றனர், குரலைத் தாழ்த்துகின்றனர், இழுவைப்பூட்டை மெல்லத் திறக்கின்றனர். அந்த அமைதியிலே அச்சம் இல்லை. அங்கு ஒருவர் இருமினால், இன்னொருவர் நிம்மதியாக உறங்குகிறார்.

ஆதலின், பூங்காவைத் தெரிவோர் வரைபடத்தைப் பார்க்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. இந்த அமைதி யாரால், எவ்வாறு உண்டாயிற்று? இதற்காக எவர் எதை இழந்தனர், எவர் எதை விரும்பி விட்டுக்கொடுத்தனர்? நாம் அங்கே சென்று எதைச் செய்யாதிருக்கப் போகிறோம்? இவற்றுக்கு நேரிய விடை கிடைக்கும் இடம் எத்துணைச் சிறியதாயினும், எத்துணைப் புகழற்றதாயினும், அங்கே கூடாரமடித்தல் தகும். இலைகள் முற்றாகச் சிவக்காத அந்த இரண்டு மூன்று கிழமைகளுக்குள் ஒரு செவ்வாய் இரவு இன்னும் எங்கேனும் எஞ்சியிருக்கும். நல்ல தடித்த பாயொன்று மட்டும் மறவாது கொண்டு செல்லவேண்டும்.